பதினோராவது கை

முதல் தரம் தோற்றபோது அவர் சிரித்தார்.
இரண்டாம் தரமும் பாதீடு தோற்றால்
தவிசாளர் கதிரை தானாய்க் கழன்றுவிடும் என்ற வரியை
செயலாளர் விரல் வைத்து வாசித்துக் காட்டிய பிறகும்
"எல்லாம் என்ரை ஆக்கள்தானே" என்றார்.

அவரின் ஆக்கள் ஏழு பேர்
ஒலுமடு வீதியில், மரியசீலனின் அரிசி ஆலையில்,
உமித் தூசுக்குள் இருந்தோம்.
மோட்டார் சைக்கிள்களை
வாசல் பார்க்க நிறுத்தச் சொன்னான் மாரிமுத்து:
யானை வந்தாலும் ஓடலாம்,
அமைப்பாளர் வந்தாலும் ஓடலாம்.
சிரித்தோம்.
துரோகம் என்ற சொல்லை மட்டும்
யாரும் வாயில் எடுக்கவில்லை.
ஒரு காலத்தில் அது
மின்கம்பத்தில் மட்டையாய்த் தொங்கியதை
மாரிமுத்து கண்டவன்.
ஆகவே "கட்சியின் நலன்" என்றோம்.
பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது.

நான் உடனே ஓம் சொல்லவில்லை.
பட்டியலுக்கு ஒரு பெண் பெயர் குறைகிறதென்று
வேட்புமனுவின் கடைசி நாள்
படலையில் நின்று கோர்ன் அடித்தவர் அவர்தான்.
மீன் வெட்டிய கையைத் துடைத்துவிட்டு
புவனலோஜினி என்று ஒப்பம் வைத்தேன்.
பிறகு மூன்று வருசம்
நான் பேச எழும்பும்போதெல்லாம்
மணிக்கூட்டைப் பார்ப்பார்.

அது காரணமில்லை.

காரணம் பவுசர்.
ஆவணியில் குளம் வெடித்துக் கிடந்தபோது
சபையின் தண்ணிப் பவுசர்
அவரின் மச்சான் கல் அரியும் வாடியில் நின்றது.
சீமெந்துக் கல் வேளைக்கு வேளை குளித்தது.
எங்கள் ஒழுங்கையில்
வாளிகள் மட்டும் வரிசையில் நின்றன,
பெயர் எழுதி வைத்துவிட்டு ஆட்கள் வேலைக்குப் போனார்கள்.
மஞ்சள் வாளி என்னுடையது.
உறுப்பினர் என்று முன்னுக்கு வைத்திருந்தார்கள்.
இரவில் போய் நானே பின்னுக்கு நகர்த்தினேன்.
மூன்று நாள் நகர்த்தினேன்.

மார்கழி, இரண்டாம் வாக்கெடுப்பு.
மழைக்கு யன்னல்கள் சாத்தியிருந்தன.
என் கைபேசி
அமைப்பாளரின் பெயரைச் சுமந்துகொண்டு
மேசையில் நண்டுபோல் நகர்ந்தது, நாலு தரம்.
"எதிர்ப்பவர்கள்?"
பத்துக் கை.
எண்ணினார் செயலாளர். திரும்ப எண்ணினார்.
பேனா மூடியைக் கழற்றிப் பூட்டினார்.
என் கை,
கிணற்றில் வாளி இழுத்த அடுத்த நாள் போல
தோள் நோக எழும்பியது.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கையைத்தான் பார்த்தார்,
அது யாருடையது என்று தெரியாதவர் மாதிரி.

மாங்குளம் சந்தியில் வெடி கொளுத்தினார்கள்.
நனைந்த வெடி, பாதிதான் வெடித்தது.
அந்தப் பாதிக்கே மரக்கறிக்காரர்கள் குனிந்து
பிறகு வெட்கத்தோடு நிமிர்ந்தார்கள்.

வாகனத் திறப்பைச் செயலாளர் வாங்கிவிட்டார்.
நாலரை பஸ்சும் போய்விட்டது.
பாலை மரத்தின் கீழே
தோற்ற பாதீட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி
இராசகுலேந்திரன் தனியே நின்றார்.
ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
ஏனென்று கேட்டால் எனக்கும் தெரியாது.
அவர் வீடு என் வீட்டுக்கு அங்கால் இரண்டு கட்டை,
அவ்வளவுதான்.

கனதூரம் பேசவில்லை. பிறகு,
"உன்ரை ஒழுங்கைக்குக் கிறவல்
மூன்றாம் பக்கத்திலை போட்டிருந்தனான்."
"வாசிச்சனான்."

குறுக்கே ஒரு மயில்.
பிரேக் பிடித்தேன்.
விழாமலிருக்க என் தோளைப் பிடித்தவர்
பிடித்தது தெரிந்ததும் விட்டார்.

அப்போதுதான் எதிரே சபைப் பவுசர்.
முன் ஆசனத்தில் மரியசீலன்,
கோர்ன் அடித்துக் கை காட்டிப் போனான்.
குளமெல்லாம் வான் பாயும் மார்கழியில்
நிறையத் தண்ணியோடு,
பின்குழாய் ஒழுக ஒழுக
தாரில் ஒரு கோடு கீறிக்கொண்டு போனது பவுசர்.

இறங்கி நின்று
இரண்டு பேரும் பார்த்தோம்,
எந்தப் பக்கம் திரும்புகிறதென்று.